2017 சியாஸ்: புரோக்கர் இல்லாம நேரா விக்கறதுக்கு என்னென்ன பண்ணணும்? (திருவொற்றியூர்)

தேரடி_சியாஸ்:

அப்பா பேர்ல இருக்கற மாருதி சியாஸ் ஜீட்டா, 1.4 பெட்ரோல், மேனுவல். 2017 வண்டி, டி.என். 03 ரிஜிஸ்ட்ரேஷன், சிங்கிள் ஓனர், 58,000 கி.மீ. சர்வீஸ் பில் முதல்லேர்ந்து ஃபைல்ல இருக்கு. இன்சூரன்ஸ் இன்னும் நாலு மாசம் ஓடும், என்.சி.பி. (கிளெய்ம் போடாததுக்குக் கிடைக்கற பிரீமியத் தள்ளுபடி) 50%. பேங்க் லோன் 2022-லயே முடிஞ்சாச்சு, ஆனா ஆர்.சி.ல பேங்க் பேர் அப்படியே நிக்குது.

குறைன்னு பாத்தா: இடது பின் கதவுல நீளமா ஒரு கீறல். முன் பம்பர் ஓரத்துல பெயின்ட் உதிர்ந்திருக்கு. டயர் நாலும் 2020 தயாரிப்பு. ஸ்பீட் பிரேக்கர்ல இறங்கும்போது முன்னாடி இடது பக்கம் ‘டக்’னு ஒரு சத்தம். ஹெட்லைட் லேசா மஞ்சளடிச்சிருக்கு.

இதுல எதுக்குச் செலவு பண்றது, எதை அப்படியே விடறது? விலை எப்படி வைக்கறது? பேப்பர் வேலையை எந்த வரிசைல முடிக்கறது? இன்னொண்ணு, திருவொற்றியூர்னு சொன்னதுமே “மிக்ஜாம் புயல்ல தண்ணி ஏறின வண்டியா”ன்னுதான் முதல் கேள்வி வருது. ஏறலை. அதை எப்படிக் காட்டறது?

---

ஷெட்_பேச்சு:

அந்த ‘டக்’ சத்தத்துலேர்ந்து ஆரம்பிங்க. வாங்க வர்றவர் கூட ஒரு மெக்கானிக் வருவார், அவர் காதுல முதல்ல விழறது அதுதான். மூணு இடம் சந்தேகப்படலாம். சின்னக் குழி, மெதுவான வேகம், அப்பவும் சத்தம் வந்தா பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராட். பிரேக் பிடிச்சு விடும்போதும் வந்தா லோயர் ஆர்ம் புஷ். நின்ன இடத்துல ஸ்டீயரிங்கை முழுசாத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ற மாதிரி வந்தா ஸ்ட்ரட் மவுன்ட். லிங்க் ராடா இருந்தா ரெண்டு பக்கமும் சேத்து மாத்திடுங்க, ரொம்ப சின்னச் செலவு. மாத்தாம விட்டா “சஸ்பென்ஷன் மொத்தமும் போச்சு”ன்னு சொல்லி பத்தாயிரம் இருபதாயிரம் குறைச்சுக் கேப்பாங்க. பில்லை ஃபைல்ல வைங்க.

கதவுக் கீறலுக்கு பெயின்ட் அடிக்காதீங்க. இப்ப கொஞ்சம் விவரமான பார்ட்டி எல்லாரும் பெயின்ட் கேஜ் கொண்டு வர்றாங்க. கம்பெனி பெயின்ட் சுமாரா 100 முதல் 150 மைக்ரான் காட்டும். திரும்ப அடிச்ச கதவு 200-க்கு மேல போயிடும், பட்டி வெச்சிருந்தா 500 தாண்டும். கீறலுக்காக அடிச்சதுன்னு நீங்க சொன்னாலும் அவங்க கணக்குல அது ஆக்சிடென்ட் கதவு. ரப்பிங் பாலிஷ் போட்டு எவ்வளவு மறையுதோ அவ்வளவு போதும். பம்பர் வேற விஷயம். அது பிளாஸ்டிக், கேஜ் அதுல வேலை செய்யாது, எந்த ஊர் வண்டியிலயும் பம்பர் உரசியிருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். பம்பரைத் தாராளமா அடிச்சுக்கலாம்.

டயரைத் தொடாதீங்க. பக்கச் சுவர்ல இருக்கற நாலு இலக்கத்துல கடைசி ரெண்டு வருஷம், முதல் ரெண்டு எத்தனாவது வாரம். அதை வாங்கறவர் படிச்சுடுவார். நாலு புது டயர் போட்ட காசு விலையில திரும்ப வராது. மலிவான பிராண்டைப் போட்டீங்கன்னா “வேற எதுலயெல்லாம் மிச்சம் பிடிச்சிருக்காரோ”ன்னுதான் தோணும். “டயர் 2020, நீங்கதான் மாத்தணும்”னு விளம்பரத்துலயே போட்டுடுங்க, பேரத்துல அந்த ஆயுதம் அவர் கையில இருக்காது. பக்கச் சுவர்ல வெடிப்பு விட்டிருந்தா மட்டும் ஓட்டிக் காட்டறதுக்கு முன்னாடி யோசிங்க. நம்ம வெயிலுக்கு ஆறு வருஷ ரப்பர் பட்டன் இருந்தாலும் இறுகிப் போயிருக்கும்.

ஹெட்லைட்டுக்கு 1000, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் வரிசையாத் தண்ணி விட்டுத் தேச்சு, காம்பவுண்ட் போட்டு, மேல யு.வி. கோட்டிங் அடிக்கணும். கோட்டிங் இல்லாம பாலிஷோட விட்டா சில மாசத்துல முன்னைவிட மோசமா மஞ்சளாகும். வித்த அப்புறம் உங்க தலைவலி இல்லதான், ஆனாலும் வாங்கறவர் பாவம்.

செய்யவே கூடாத ரெண்டு. விக்கறதுக்கு முதல் நாள் எஞ்சின் வாஷ் பண்ணாதீங்க. பளபளன்னு ஈரமா இருக்கற எஞ்சினைப் பாத்தா ஆயில் கசிவை மறைச்சிருக்காங்கன்னு எடுத்துப்பாங்க, தண்ணி கனெக்டர்ல புகுந்தா ஓட்டிப் பாக்கற நேரத்துல செக் எஞ்சின் லைட் எரியும். ரெண்டாவது, அடியில புதுசா கறுப்பு அண்டர்பாடி கோட்டிங். கடலோரத்து வண்டிக்குப் புதுக் கோட்டிங்னா துருவுக்குப் பூசின பவுடர்னு அர்த்தம். காசிமேட்டுலேர்ந்து எண்ணூர் வரைக்கும் உப்புக் காத்துல நிக்கற எந்த வண்டிக்கும் சைலன்சர் ஜாயின்ட், கதவோட அடி விளிம்பு, வீல் ஆர்ச் மடிப்பு, அடிப் போல்ட்டு இதெல்லாம் கொஞ்சம் செம்பட்டை ஏறித்தான் இருக்கும். கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி, அந்த இடத்தை நீங்களே காட்டுங்க.

ஸ்கேனர்ல பழைய எரர் கோடு இருந்தா அழிச்சுட்டு உடனே வண்டியைக் காட்டாதீங்க. அழிச்ச உடனே ரெடினெஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சுதான்னு காட்டறது) ‘முடியலை’ன்னு நிக்கும், ஓ.பி.டி. ஸ்கேனர் சொருகறவருக்கு நேத்துதான் அழிச்சாங்கன்னு புரிஞ்சுடும். கோளாறைச் சரி பண்ணி, அழிச்சு, சில நாள் சிட்டியிலயும் ஹைவேலயும் கலந்து ஓட்டுங்க.

தண்ணி விஷயம். நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுத்துக் காட்டுங்க. சேத்துத் தண்ணி ஏறின வண்டியில பெல்ட்டோட அடி முனையில கறைக்கோடு நிக்கும், கழுவினாலும் போகாது. 2023-ல மணலி, எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோட எண்ணெயும் சேந்து வந்துச்சு, அந்தக் கறை இன்னும் பிடிவாதம். அடுத்து சீட் ரெயில் போல்ட், ஸ்டெப்னி குழி, டிரைவர் கால் பக்கத்துக் கார்ப்பெட்டுக்கு அடியில இருக்கற பஞ்சு, ஃபியூஸ் பாக்ஸ் கனெக்டர்ல பச்சை பூத்திருக்கான்னு. இதையெல்லாம் அவர் கேக்கறதுக்கு முன்னாடி திறந்து காட்டிட்டா கேள்வி பாதி குறைஞ்சுடும்.

---

பாலிசி_பேப்பர்:

வெள்ளக் கேள்விக்கு உங்கள் கையில் இன்னொரு சான்றும் இருக்கிறது. 50% என்.சி.பி. என்றால் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு கோரவில்லை என்று பொருள். வெள்ளத்துக்கு கிளெய்ம் போட்டிருந்தால் அது அறுந்திருக்கும். ஆனால் ‘என்.சி.பி. புரொடெக்ட்’ ஆட்-ஆன் இருந்தால் கிளெய்ம் போட்டும் சதவீதம் நிற்கலாம், ஆகவே பாலிசியின் ஆட்-ஆன் பக்கத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். கைக்காசில் ரிப்பேர் செய்தவர்களும் உண்டு என்பது வாங்குபவருக்குத் தெரியும். அதனால் 2023 டிசம்பருக்குப் பிறகு வந்த முதல் சர்வீஸ் பில்லை ஃபைலின் மேலேயே வையுங்கள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பேரிங், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் ஒரே பில்லில் மாறியிருந்தால்தான் சந்தேகம். வழக்கமான சர்வீஸ் பில் என்றால் அதுவே பேசும்.

இனி பேப்பர். விளம்பரம் போடுவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை இருக்கின்றன, இதில்தான் பலர் கவிழ்கிறார்கள்.

முதலில் எச்.பி. கேன்சல், அதாவது ஆர்.சி.யில் உள்ள வங்கிப் பெயரை நீக்குவது. கடன் முடிந்ததும் வங்கி கொடுத்த என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), வங்கி முத்திரையோடு கூடிய படிவம் 35 இரண்டு பிரதிகளும் வேண்டும். 2022-இல் வாங்கிய என்.ஓ.சி. என்றால் அதிலேயே செல்லுபடிக் காலம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலம் கடந்திருந்தால் வங்கியில் புதுத் தேதியிட்டுக் கேட்டு வாங்க வேண்டும், கிளை மாறியிருந்தால் இதற்கே அலைச்சல். போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி ஆர்.டி.ஓ.வில் கொடுத்தால், வங்கிப் பெயர் நீங்கிய ஆர்.சி. ஸ்பீட் போஸ்ட்டில் வரும். தமிழ்நாட்டில் 2024-லிருந்து ஆர்.சி.யை நேரில் கையில் தருவதில்லை, அதனால் ஆர்.சி.யில் இருக்கும் முகவரியில் ஆள் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் வங்கிப் பெயர் இருக்கும், அதற்குத் தனியாக எண்டோர்ஸ்மென்ட்.

அடுத்தது, வாகனப் பதிவில் உள்ள மொபைல் எண். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் போகும். பழைய எண்ணோ, ஷோரூம்காரர் கொடுத்த எண்ணோ இருந்தால் எல்லாம் அங்கேயே நிற்கும். வண்டி அப்பா பெயரில் என்பதால் எண்ணும் கையெழுத்தும் அவருடையதாகவே இருக்க வேண்டும். அவருக்காக நீங்கள் போடும் கையெழுத்து செல்லாது. ஆதாரில் உள்ள பெயரையும் ஆர்.சி.யில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் தகப்பனார் பெயர் விரிவாகப் பின்னால் என்று இருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம், ஆன்லைனில் பொருந்தாமல் போவதும் அதனால்தான். அப்படி இருந்தால் அசல் ஆவணங்களோடு அவர் நேரில் போக வேண்டியிருக்கும்.

இ-சலான் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக் கட்டிவிடுங்கள், பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நகராது. புகைச் சான்று பி.எஸ்.4 வண்டிக்கு ஓராண்டு செல்லும். தேதி தாண்டியிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்கும்போது: படிவம் 29 (விற்றதைத் தெரிவிப்பது) இரண்டு பிரதி, படிவம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்). மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50-இன்படி மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் வாங்குபவர் வசிக்கும் எல்லைக்கு உட்பட்ட அலுவலகத்தில். அவர் செங்குன்றத்துக்காரர் என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ., உங்கள் டி.என். 03-க்கு உரிய தண்டையார்பேட்டை அல்ல. டி.என். 03 எண் மாறாது.

வடசென்னை வண்டிகளுக்கு தடா, சூளூர்பேட்டை, நெல்லூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அது வேறு கதை. படிவம் 28-இல் என்.ஓ.சி. எடுக்க வேண்டும், தெரிவிக்கும் கெடு 45 நாள், அங்கே மறுபதிவும் சாலை வரியும் அவர் தலையில் விழும். அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை கேட்பார். உள்ளூர் ஆள் கிடைக்கிறவரை அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

இன்சூரன்ஸ்: மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு போகும். சொந்தச் சேதப் பாதுகாப்பு வாங்குபவருக்குத் தானாகப் போகாது, அவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். என்.சி.பி. வண்டிக்கு உரியது அல்ல, அப்பாவுக்கு உரியது. விற்றதற்கான ஆதாரத்தைக் கொடுத்து என்.சி.பி. ரிசர்விங் கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அந்த 50% செல்லும். மீதி மாதங்களுக்கான என்.சி.பி. வித்தியாசத்தை வாங்குபவர் கட்ட வேண்டும். “50% என்.சி.பி. உள்ள வண்டி, உங்களுக்கும் கிடைக்கும்” என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

---

மூலக்கடை_ரேட்:

விலைக்கு வர்றேன். விளம்பரத்துல பாக்கற விலை கேக்கற விலை, வித்த விலை இல்ல. ஒரே வருஷம், ஒரே வேரியன்ட், கி.மீ. பத்தாயிரம் முன்ன பின்ன, சென்னைப் பதிவு, இந்த மாதிரி பத்து விளம்பரம் எடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு அதுல எது காணாமப் போச்சுன்னு பாருங்க. போனது ஓரளவு சரியான விலை, அப்படியே கிடக்கறது ஆசை விலை. கூடவே பழைய கார் வாங்கற ஆன்லைன் கம்பெனி ரெண்டு மூணை வீட்டுக்கே கூப்பிட்டு இன்ஸ்பெக்‌ஷன் பண்ண விடுங்க. அவங்க சொல்றது உங்க தரை, அதாவது அதுக்குக் கீழ இறங்க வேண்டாத விலை. உதாரணத்துக்குத் தரை 4.60 லட்சம், விளம்பரங்கள் 5.60-ன்னு இருந்தா 5.45 போட்டு 5.15-க்கு மேல முடிக்கப் பாக்கலாம். ரொம்ப ரவுண்டா 5.50-ன்னு போட்டு ‘ஃபிக்ஸட்’னு எழுதினா போனே வராது.

சியாஸுக்கு ஒரு மைனஸ், ஒரு பிளஸ். மாருதி 2025-ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க, பார்ட்ஸ் கிடைக்குமான்னு கேப்பாங்க. பார்ட்ஸ் பிரச்சினை இல்ல, பதில் தயாரா வைங்க. பிளஸ் என்னன்னா பின் சீட்டு இடம். வயசானவங்க இருக்கற குடும்பம், கால் நீட்டணும், அவங்கதான் உங்க பார்ட்டி. ஃபோட்டோல பின் சீட்டை நல்லாக் காட்டுங்க. ஐ.டி.வி.யை (பாலிசியில போட்டிருக்கற வண்டி மதிப்பு) வெச்சு யாராவது பேரம் பேசினா, அது இன்சூரன்ஸ் கணக்கு, சந்தை விலை இல்லன்னு முடிச்சுடுங்க.

ஓட்டிக் காட்டறதுக்கு மாதவரம் 200 அடி ரோடு, ஞாயித்துக்கிழமை காலையில. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி நடுவுல புது ஆள் கையில வண்டியைக் குடுக்காதீங்க. கிளட்ச் பாக்கணும்னு சொன்னா மூலக்கடை மேம்பாலம் ஏத்தம் போதும். லைசென்ஸ் ஒரிஜினலைப் பாத்த அப்புறம்தான் சாவி, பக்கத்து சீட்ல நீங்க.

---

தேரடி_சியாஸ்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். லிங்க் ராடும் எச்.பி. கேன்சலும் முதல்ல. இதுக்குள்ள ஒருத்தர் வந்துட்டார். விலை நல்லாத்தான் சொல்றார். ரெண்டு லட்சம் ரொக்கம், மீதி மூணு லட்சம் ஜிபே, ஃபார்ம் 29, 30-ல அப்பா கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தா போதும், வாங்கறவர் பேரை எழுத வேணாம், ரெண்டு மாசத்துல நாங்களே மாத்திக்கறோம்ங்கறார். சரியா வருமா?

---

பாலிசி_பேப்பர்:

வராது. அவர் வாங்குபவர் அல்ல, இடையில் நிற்பவர். பெயர் எழுதாத படிவத்தோடு வண்டி நாலு கை மாறும், ஆர்.சி.யில் மட்டும் அப்பா இருப்பார். சட்டத்தில் ‘உரிமையாளர்’ என்றால் பதிவில் பெயர் உள்ளவர். 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதைத்தான் சொன்னது. அந்த வண்டி 2007-இலேயே விற்கப்பட்டுப் பல கை மாறியது, 2009-இல் விபத்து. பெயர் மாறாததால் முதலில் விற்றவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பானார். ஸ்டாம்ப் தாளில் எழுதி வாங்கியிருந்தாலும் ஆர்.சி. மாறிவிடாது.

ரொக்கம்: ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. சரியாக இரண்டு லட்சமும் தவறுதான், இரண்டு நாளாகப் பிரித்து வாங்கினாலும் தவறுதான். வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம், அதுவும் பெற்றுக்கொண்டவருக்கு.

---

மூலக்கடை_ரேட்:

அதேதான். மீதி மூணு லட்சத்தை ஜிபேல ஒரே நாள்ல அனுப்பவும் முடியாது, ஆளுக்கு ஆள் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் லிமிட். அப்பா அக்கவுண்டுக்கு ஆர்.டி.ஜி.எஸ். போடச் சொல்லுங்க, ராத்திரி பகல் எந்நேரமும் போகும். ஸ்கிரீன்ஷாட்டையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் நம்பாதீங்க, பேங்க் ஆப்ல பேலன்ஸ் ஏறினதைப் பாத்துட்டுத்தான் சாவி. பணம் வாங்கறதுக்கு க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கன்னு எவனாவது சொன்னா அங்கேயே கட் பண்ணுங்க, பின் போட்டா காசு வெளியதான் போகும். டி.டி. குடுத்தா அவர் பேங்குக்கே கூடப் போய்க் கண்ணெதிர்ல எடுக்க வைங்க.

வரிசை இப்படி வெச்சுக்கலாம். டோக்கன் அட்வான்ஸ் அஞ்சோ பத்தாயிரமோ, அதுக்கு ஒரு ரசீது, எத்தனை நாள்ல முடிக்கணும், மனசு மாறினா அட்வான்ஸ் என்னாகும்னு எழுதி. அப்புறம் வாங்கறவர் பேர், அட்ரஸ் எல்லாம் நிரப்பின ஃபார்ம்ல ரெண்டு பேரும் கையெழுத்து. ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டு அந்த நம்பரை ஃபோட்டோ எடுத்துக்கோங்க. அன்னிக்கே முழுப் பணம், அன்னிக்கே டெலிவரி நோட், அப்புறம் சாவி. ஒரிஜினல் ஆர்.சி.யோட ரெண்டு பக்கமும் காப்பி எடுக்காம குடுத்துடாதீங்க.

டெலிவரி நோட்ல தேதி மட்டும் போட்டாப் பத்தாது, நேரமும் வேணும். சாயங்காலம் 5.40-க்குக் குடுத்த வண்டி 6.15-க்குச் சிக்னல் தாண்டிப் போனா சலான் யாருக்குன்னு அந்த நேரம்தான் சொல்லும். மீட்டர் ரீடிங், சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், எத்தனை சாவி குடுத்தீங்க, வாங்கறவர் லைசென்ஸ் நம்பர். ஆதார் காப்பி நீங்க குடுக்கும்போது மாஸ்க்டு ஆதார் (நம்பர்ல ஒரு பகுதியை மறைச்சது) குடுங்க, குறுக்கே வண்டி நம்பரையும் ‘இந்த வண்டி விற்பனைக்கு மட்டும்’னும் பேனாவால எழுதிடுங்க.

---

கொருக்குப்பேட்டை_கேட்:

இவ்வளவு தலைவலி எதுக்கு, டீலர்கிட்ட விட்டுடலாமேன்னு தோணினா அதுக்கும் ஒழுங்கான வழி இருக்கு. 2023 ஏப்ரல்லேர்ந்து ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்கின டீலர்னு ஒரு முறை நடைமுறைக்கு வந்திருக்கு. அவர்கிட்ட வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி-ல ஆன்லைனா தெரிவிச்சுட்டா, அந்த நிமிஷத்துலேர்ந்து வண்டிக்குப் பொறுப்பு அவர். அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்க. “அதெல்லாம் வேணாம் சார், நம்பிக்கைதான்”னு சொன்னா அவரும் உங்க ரெண்டு லட்சம் பார்ட்டியும் ஒண்ணுதான். விலை குறையும், அதை ஒத்துக்கணும். டீலர் தன் லாபத்துல 18% ஜி.எஸ்.டி. கட்டறார், உங்க விலையிலதான் கழிப்பார். ரெண்டு தனியாள்களுக்குள்ள நேரா வித்தா அந்த ஜி.எஸ்.டி. கிடையாது.

---

தேரடி_சியாஸ்:

அவருக்கு வேணாம்னு சொல்லிட்டேன். கடைசியா ஒண்ணு, ஃபாஸ்டேக்ல 900 ரூபா இருக்கு. வண்டியோட குடுத்துடலாமா? பேர் மாறிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

---

ஷெட்_பேச்சு:

குடுக்காதீங்க. டேக் உங்கப்பா கே.வொய்.சி.ல இருக்கு, நாளைக்கு நல்லூர் டோல்லயோ சூரப்பட்டுலயோ கழியற காசு அவர் கணக்குலதான் கழியும். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான், உங்களுது மூடாம அவருக்குப் புதுசு வாங்கறதுலயும் சிக்கல். டெலிவரிக்கு முன்னாடியே டேக் குடுத்த பேங்க்ல குளோஸ் ரிக்வெஸ்ட் போடுங்க, பாக்கியும் டெபாசிட்டும் திரும்ப வரும். கண்ணாடியில இருக்கறதை ஹேர் டிரையர் காட்டி மெதுவா உரிங்க, பிளேடு போட்டா கண்ணாடி கீறும்.

பேர் மாறினது எம்-பரிவாஹன்ல வண்டி நம்பர் போட்டா தெரியும். பேர்ல பாதி எழுத்தை மறைச்சுத்தான் காட்டும், ஆனா முதல் எழுத்து மாறினதும் ஓனர் சீரியல் 2-ன்னு வந்ததும் போதும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து டெலிவரி நோட்டோட சேத்து வைங்க, என்.சி.பி. கடிதம் கேக்கப் போகும்போது இன்சூரன்ஸ்ல அதைத்தான் கேப்பாங்க.